1969 மிச்சிகன் – ஒகையோ மாநிலக் காற்பந்துப் போட்டி: கணிப்பும் ஒரு புதிய பயிற்சியாளரும்

மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் மோதும் அமெரிக்கக் காற்பந்துப் போட்டி, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் மிகப் பழைய பகைமைகளுள் ஒன்று ஆகும். முதல் போட்டி 1897-ஆம் ஆண்டு ஆன் ஆர்பர் நகரில் நடைபெற்றது. அதில் மிச்சிகன் 34–0 என வென்றது. ஒகையோ மாநில அணி தன் முதல் வெற்றியைப் பெற 1919 வரை காத்திருந்தது. இத்தொடரின் வரலாற்றில் 1969 நவம்பர் 22 அன்று நடந்த போட்டிக்குத் தனி இடம் உண்டு. அன்று ஏறத்தாழ எல்லாக் கணிப்புகளும் பொய்த்தன. பதவியேற்று ஓராண்டுகூட நிறையாத ஒரு பயிற்சியாளரின் பெயர் ஒரே பிற்பகலில் நாடெங்கும் பரவியது. ஒரு போட்டியின் முடிவைக் கொண்டு ஒரு மனிதரை எடைபோடலாமா என்ற கேள்வியையும் அது விட்டுச் சென்றது.

விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள்

அமெரிக்கக் காற்பந்து, நாம் காற்பந்து என்று வழங்கும் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், நூறு கஜ ஆடுகளத்தின் மறுமுனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்படிக் கொண்டுசென்றால் ஆறு புள்ளிகள். இதை 'டச் டவுன்' என்பர். அதன்பின் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். உதைக்காமல் மீண்டும் ஒரு முறை எல்லையைக் கடந்தால் இரண்டு புள்ளிகள். ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கிடையே உதைக்கும் 'பீல்டு கோல்' மூன்று புள்ளிகள் பெறும். தாக்குதலை நடத்துபவர் 'குவாட்டர்பேக்'. அவர் எறியும் பந்தை எதிரணியினர் பிடித்துவிட்டால் பந்து அவர்கள் வசமாகிவிடும்.

கல்லூரி அணியில் ஆடுவோர் மாணவர்கள். சில ஆண்டுகளில் படிப்பு முடிந்து வெளியேறிவிடுவர். ஆகவே, புதிய மாணவர்களைத் தேடிச் சேர்ப்பதும் பயிற்சியாளரின் பணியே. 1969-இல் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லை. அந்த அனுமதி 1972-இல்தான் வந்தது. இவ்விதியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் மதிப்பீட்டுக்கு இது அடிப்படை.

ஆசிரியரும் மாணவரும்

ஒகையோ மாநில அணியின் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ். 1950-இல் கொலம்பஸ் நகரில் கடும் பனிப்புயலுக்கு நடுவே நடந்த போட்டியில் மிச்சிகன் 9–3 என வென்றது. அதையடுத்து ஒகையோ பயிற்சியாளர் வெஸ் பெஸ்லர் பதவி விலக, 1951-இல் ஹேய்ஸ் பொறுப்பேற்றார். 1978 வரை 28 பருவங்கள் அப்பதவியில் இருந்தார்.

போ ஷெம்பெக்லர் அவருடைய மாணவர். ஒகையோ மாநிலத்திலுள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது அவரிடம் ஆடியவர். 1958 முதல் 1962 வரை கொலம்பஸில் அவருக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு மயாமி பல்கலைக்கழக அணிக்கே தலைமைப் பயிற்சியாளராகி, ஆறு பருவங்களில் 40 வெற்றி, 17 தோல்வி, 3 சமநிலை கண்டார்.

1968 நவம்பரில் ஒகையோ மாநிலம் மிச்சிகனை 50–14 என நொறுக்கியது. இறுதிக் கட்டத்தில், வெற்றி எப்போதோ உறுதியான பிறகும், ஹேய்ஸ் அணி இரண்டு புள்ளி முயற்சியில் இறங்கியது. அம்முயற்சி பலிக்கவில்லை, ஆனால் அதிலிருந்த அவமதிப்பு மிச்சிகன் வீரர்களின் மனத்தில் தங்கியது. அப்பருவத்தில் 8 வெற்றி, 2 தோல்வி கண்டிருந்த பம்ப் எலியட் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகி, விளையாட்டுத் துறை நிர்வாகத்துக்குச் சென்றார். துறை இயக்குநர் டான் கேனம், டிசம்பரில் ஷெம்பெக்லரைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெயரை மிச்சிகன் ரசிகர்களில் பலர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

1969 வசந்தகாலப் பயிற்சி மிகக் கடுமையாக இருந்தது. தாங்க முடியாமல் பலர் அணியைவிட்டு விலகினர். நிலைத்து நிற்பவர்களே வாகை சூடுவர் என்ற பொருள்படும் பலகையொன்றை ஷெம்பெக்லர் உடைமாற்றும் அறையில் மாட்டினார். போட்டிக்கு முந்தைய வாரத்தில் பயிற்சிக்கூடம் எங்கும் 50 என்ற எண் ஒட்டப்பட்டிருந்தது.

கணிப்பாளர்கள் எதைப் பார்த்தனர்?

ஒகையோ மாநிலம் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. தொடர்ந்து 22 போட்டிகளில் தோற்கவில்லை. 1969-இல் ஆடிய எட்டுப் போட்டிகளில் 371 புள்ளிகள் எடுத்து, 69 மட்டுமே கொடுத்திருந்தது. எட்டிலும் மிகக் குறைந்த வெற்றி இடைவெளியே 27 புள்ளிகள். மிச்சிகனோ 7 வெற்றி, 2 தோல்வியுடன் 12-ஆம் இடத்தில் இருந்தது. ஒகையோ மாநிலம் 17 புள்ளி இடைவெளியில் வெல்லும் என்பது பந்தயக் கணிப்பாளர்கள் வகுத்த எண்.

இந்த 17 எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை நாமே சோதித்துப் பார்க்கலாம். இரு அணிகளும் அப்பருவத்தில் பொதுவாகச் சந்தித்த எதிரணிகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரு அணிகளின் புள்ளிகளை ஒப்பிடுவோம்.

மிச்சிகன் மாநிலம்: ஒகையோ 54–21 வெற்றி, மிச்சிகன் 12–23 தோல்வி. ஒகையோவுக்கு 44 புள்ளி மேல்.

பர்டியூ: ஒகையோ 42–14, மிச்சிகன் 31–20. ஒகையோவுக்கு 17 மேல்.

விஸ்கான்சின்: ஒகையோ 62–7, மிச்சிகன் 35–7. ஒகையோவுக்கு 27 மேல்.

மின்னசோட்டா: ஒகையோ 34–7, மிச்சிகன் 35–9. ஒகையோவுக்கு 1 மேல்.

வாஷிங்டன்: ஒகையோ 41–14, மிச்சிகன் 45–7. மிச்சிகனுக்கு 11 மேல்.

இல்லினாய்: ஒகையோ 41–0; மிச்சிகன் 57–0. மிச்சிகனுக்கு 16 மேல்.

ஆறையும் கூட்டி வகுத்தால் ஒகையோ மாநிலம் சராசரியாகச் சுமார் 10 புள்ளி மேலே நிற்கிறது. இந்தப் பத்தில் பெரும்பகுதி ஒரே போட்டியிலிருந்து வந்தது: அக்டோபர் 18 அன்று மிச்சிகன் மாநில அணியிடம் மிச்சிகன் அடைந்த தோல்வி. அத்தோல்விக்குப் பின் நடந்த போட்டிகளில் பொதுவான மூன்றை மட்டும் எடுத்தால் இடைவெளி நான்காகச் சுருங்குகிறது. மேலும், அக்டோபர் இறுதியிலிருந்து மிச்சிகன் நான்கு போட்டிகளில் 178 புள்ளிகள் எடுத்து, 22 மட்டுமே கொடுத்திருந்தது. போட்டி நடக்கவிருந்ததும் மிச்சிகனின் சொந்த மைதானத்தில்.

இக்கணக்கு மிச்சிகன் வெல்லும் என்று சொல்லவில்லை. எப்படிக் கூட்டினாலும் ஒகையோ மாநிலமே மேலே இருக்கிறது. ஆனால் 17 என்ற எண்ணில் பருவத்தின் தொடக்கமும் பழைய புகழும் அதிக இடம் பிடித்திருந்தன என்பதை அது காட்டுகிறது. புதிய பயிற்சியாளரின் முறைகளைக் கற்றுத் தேற ஓர் அணிக்குச் சில வாரங்கள் ஆகும். அவ்வாரங்களின் முடிவுகளையும் பிந்திய வாரங்களின் முடிவுகளையும் ஒரே தராசில் இட்டால் தராசு பழைய அணியைத்தான் காட்டும்.

இன்னொரு சூழலும் இருந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஒரே பல்கலைக்கழகம் ரோஸ் பவுல் போட்டிக்குச் செல்லக்கூடாது என்பது பிக் டென் கூட்டமைப்பின் அன்றைய விதி. முந்தைய பருவத்தில் சென்றுவந்த ஒகையோ மாநிலத்துக்கு இதுவே பருவத்தின் இறுதிப் போட்டி.

போட்டி

மைதானத்தில் 103,588 பேர் கூடினர். ஜிம் ஓட்டிஸ் ஒரு கஜம் ஓடி ஒகையோ மாநிலத்துக்கு முதல் ஆறு புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். கூடுதல் புள்ளி கிடைக்கவில்லை. கார்வி கிரா எல்லையைக் கடக்க, மிச்சிகன் 7–6 என முந்தியது. குவாட்டர்பேக் ரெக்ஸ் கெர்ன் எறிந்த பந்தை ஜான் வைட் பிடிக்க, ஒகையோ 12–7 என மீண்டும் முன்னேறியது. அந்த ஆறோடு ஒகையோவின் புள்ளிக்கணக்கு முடிந்தது.

கிரா இரண்டாம் முறை எல்லையைக் கடந்தார், 14–12. பின்னர் ஒகையோ உதைத்து அனுப்பிய பந்தைப் பாரி பியர்சன் பிடித்து 60 கஜம் ஓடி, எல்லைக்கு மூன்று கஜம் அருகே கொண்டுவந்தார். அங்கிருந்து குவாட்டர்பேக் டான் மூர்ஹெட் உள்ளே நுழைந்தார், 21–12. டிம் கில்லியனின் பீல்டு கோலுடன் இடைவேளையில் 24–12. பிற்பாதியில் இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஒகையோ வீரர்கள் எறிந்த பந்துகளில் ஆறு மிச்சிகன் வசமாயின. அவற்றில் மூன்றைப் பிடித்தவர் பியர்சன்.

எட்டுப் போட்டிகளில் சராசரியாக 46 புள்ளிகள் எடுத்த அணி 12-இல் நின்றதற்கு வியப்பூட்டும் உத்தி எதுவும் காரணமில்லை. ஹேய்ஸின் ஆட்டமுறையை உள்ளிருந்து கற்றவர் ஷெம்பெக்லர். எந்தச் சூழலில் ஹேய்ஸ் எதை நாடுவார் என்பது அவருக்குத் தெரியும். தொடக்கத்திலேயே பின்தங்கி, துரத்த வேண்டிய நிலைக்கு ஒகையோ அப்பருவத்தில் பழகியிருக்கவில்லை. ஓட்டத்தை நம்பிய அணி எறிதலை நம்ப நேர்ந்தது. எறிந்த பந்துகள் எதிரணியின் கையில் சிக்கின.

வெற்றி யாருடையது?

அன்று களத்தில் நின்ற மிச்சிகன் வீரர்களைச் சேர்த்து வளர்த்தவர் பம்ப் எலியட். முதலாண்டு மாணவர் விதியின் காரணமாக, ஷெம்பெக்லர் பள்ளிகளிலிருந்து புதிதாகச் சேர்த்த மாணவர் எவரும் அன்று ஆடியிருக்க முடியாது. ஒரு பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியரின் முதலாண்டில் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தால், அதில் முன்பிருந்தவருக்கும் பங்கு உண்டு. அதுபோன்றதே இதுவும். போட்டி முடிந்ததும் வெற்றிப் பந்து எலியட்டிடம் கொடுக்கப்பட்டது. புதியவரின் புகழ் பரவத் தொடங்கிய அதே நேரத்தில், பழையவருக்குரிய பங்கை அணி மறக்கவில்லை.

அந்த மாணவர்களில் பலர் முந்தைய ஆண்டு 50 புள்ளிகள் கொடுத்தவர்கள் என்பதும் உண்மை. ஆகவே எலியட் ஆட்களைத் தந்தார், ஷெம்பெக்லர் ஒழுங்கைத் தந்தார் என்று பங்கிடுவதே நடுநிலையான முடிவாகத் தோன்றுகிறது. அந்த ஒழுங்குக்குக் கொடுத்த விலையையும், அதாவது விலகிப்போன மாணவர்களையும், கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஷெம்பெக்லரின் முதல் பருவம் மகிழ்ச்சியாக முடியவில்லை. ரோஸ் பவுல் போட்டியையொட்டி அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவர் மருத்துவமனையில் இருக்க, மிச்சிகன் 3–10 எனத் தென் கலிபோர்னியாவிடம் தோற்றது.

முதல் போட்டி நம்பத்தக்க அளவுகோலா?

1969 முதல் 1978 வரை ஹேய்ஸும் ஷெம்பெக்லரும் மோதிய காலத்தைப் 'பத்தாண்டுப் போர்' என்று அழைப்பர். மிச்சிகன் ஐந்தில் வென்றது, நான்கில் தோற்றது, ஒன்று சமநிலை. 1978 டிசம்பரில் எதிரணி வீரர் ஒருவரைக் களத்தில் குத்தியதால் ஹேய்ஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ஷெம்பெக்லர் 1989 வரை நீடித்து, மிச்சிகனில் 194 வெற்றிகளும் 13 பிக் டென் பட்டங்களும் பெற்றார். எனினும் தேசிய வாகையாளர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பத்து முறை சென்ற ரோஸ் பவுலில் எட்டு முறை தோற்றார்.

அவர் விஷயத்தில் முதல் போட்டி காட்டிய திசை சரியாகவே அமைந்தது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. 2011-இல் பிராடி ஹோக் தன் முதல் பருவத்தில் ஒகையோ மாநிலத்தை 40–34 என வென்று, 11 வெற்றி, 2 தோல்வியுடன் முடித்தார். அன்றைய எதிரணி இடைக்காலப் பயிற்சியாளரின்கீழ்த் தடுமாறிய அணி என்பதைக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்கவில்லை. அவருடைய வெற்றிகள் அடுத்த மூன்று பருவங்களில் எட்டு, ஏழு, ஐந்து எனக் குறைந்தன. 2014 முடிவில் பதவி பறிபோனது. அவருக்குப் பின் வந்த ஜிம் ஹார்பா முதல் மோதலில் 13–42 எனச் சொந்த மைதானத்தில் தோற்றார். முதல் ஐந்து மோதல்களிலும் தோல்விதான். 2021 முதல் 2023 வரை அவருடைய அணி மூன்று முறை தொடர்ந்து வென்று, 2023 பருவத்தில் 15 போட்டிகளிலும் வென்று தேசிய வாகை சூடியது.

ஒகையோ பக்கத்திலும் சான்று உண்டு. ஜான் கூப்பர் 1988 முதல் 2000 வரை 111 வெற்றிகள் பெற்றார். மிச்சிகனுக்கு எதிரே மட்டும் 2 வெற்றி, 10 தோல்வி, 1 சமநிலை. ரசிகர்கள் அந்த 111-ஐ மறந்து இந்த இரண்டையே எண்ணினர்.

2024-இல் 1969 மீண்டும் நிகழ்ந்ததுபோல் இருந்தது. ஒகையோ மாநிலம் சுமார் 20 புள்ளி இடைவெளியில் வெல்லும் என்று கணித்திருக்க, ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளரான முதல் பருவத்தில் மிச்சிகன் 13–10 என வென்றது. ஆனால் தோற்ற ஒகையோ மாநில அணியே அப்பருவத்தின் தேசிய வாகையாளர் ஆனது. அன்றைய முடிவைக் கொண்டு எந்த அணி சிறந்தது என்று தீர்ப்பளித்தவர்கள் இரண்டு மாதங்களுக்குள் தம் தீர்ப்பைத் திருத்தவேண்டி வந்தது.

ஆகவே, பகைமைப் போட்டியில் ஒரு புதிய பயிற்சியாளரை எடைபோடுவோர் மூன்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது: அவருக்குக் கிடைத்த மாணவர்கள் யாரால் சேர்க்கப்பட்டவர்கள், பருவத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அணி எவ்வளவு வளர்ந்தது, எதிரணி அந்த ஆண்டு எந்த நிலையில் இருந்தது. 1969-இல் இம்மூன்றுக்கும் உரிய விவரங்கள் போட்டிக்கு முன்பே செய்தித்தாள்களில் அச்சாகிக் கிடந்தன. படித்தவர்களில் பெரும்பாலோர் 22 வெற்றிகள் என்ற எண்ணைத் தாண்டிச் செல்லவில்லை.