கடல் நத்தை சூரமங்கலம் வந்த கதை



போன வாரம் எங்கள் வீட்டு உப்புத்தண்ணீர் மீன்தொட்டியின் படத்தைப் போட்டதும், "டீச்சர், சேலத்துல ஏது கடல்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் குமிழ்கள் என்ன என்றும் கேட்டீர்கள். அவை பாசி தின்னும் கடல் நத்தைகள். அவற்றைப் பற்றிச் சொல்வதென்றால் என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கடல் பொருள் நம் பக்கம் வருவது புதிதல்ல. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்கு வளையலுக்காக வங்காளம் வரை போயிருக்கிறது. சங்கும் ஒரு கடல் நத்தைதான் என்று வகுப்பில் சொன்னபோது உங்களில் பாதிப் பேர் நம்பாமல் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் வந்ததெல்லாம் வெறும் ஓடு. உள்ளே இருந்த உயிர் கரையோடு முடிந்துபோகும். 57 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த சங்கு கிடைத்தால் உயிரோடு கடலிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்று தூத்துக்குடி சங்குக் குளிப்பில் ஒரு விதி இருந்தது. அந்தச் சின்னச் சங்குகள்தான் பிழைத்தன.

கடல் உயிரை உயிராகவே ஊருக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பலமாகக் கிளம்பியது. 1846-ல் ஆனா தின் என்ற அம்மையார் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை ஒரு கல் ஜாடியில் போட்டு லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள் காற்று போக வேண்டுமே, பம்ப் ஏது? வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் முன்னால் நின்று, நாள்தோறும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், அந்தக் கடல் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றினாள். நம் டீக்கடையில் டீ ஆற்றுவதைப் போலத்தான். புத்தகங்கள் சீமாட்டியின் பெயரைச் சொல்கின்றன. அந்தப் பவளங்கள் பிழைத்தது அந்தப் பெண்ணின் கைவலியால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நத்தைக்கு வேலை கிடைத்தது 1850-ல். ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்தார். இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் ஐந்தாறை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன. தொட்டி தெளிந்தது. அது நன்னீர். பிறகு அவரும் பிலிப் ஹென்றி காஸ் என்பவரும் கடல் தண்ணீரிலும் இதைச் செய்தார்கள். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சிக்கூடம் திறந்தது. நம் சென்னை மெரினாவிலும் 1909-ல் ஒன்று திறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். மெரினாவுக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. நமக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

இனி என் கதை. தொட்டி என் மகள் வயிற்றுப் பேரனுடையது. கோயம்புத்தூரில் படிக்கிறான். நத்தை எட்டு, சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சலாக வந்தன. பையில் மூன்றில் ஒரு பங்கு கடல் தண்ணீர், மீதி காற்று. "நான் சனிக்கிழமை வர்றேன் அம்மாயி, அதுவரைக்கும் பையை மட்டும் தொட்டியில மிதக்க விடுங்க. எப்படி விடணும்னு சாயங்காலம் போன்ல சொல்றேன்" என்றான். நான் கேட்கவில்லை. எகிப்திலிருந்து வந்த பாலைவன நத்தை ஒன்றைச் செத்தது என்று நினைத்து, அதே 1846-ல், பிரிட்டிஷ் மியூசியத்தில் அட்டையில் ஒட்டி வைத்தார்கள். 1850-ல் தண்ணீரில் போட்டதும் அது எழுந்து ஊர்ந்தது. அதைப் படித்த தைரியம் எனக்கு. நத்தைக்கு என்ன ஆகிவிடும் என்று பையைக் கத்தரித்துத் தொட்டியில் கொட்டிவிட்டேன். அது தரை நத்தை, இது கடல் நத்தை என்பதை யோசிக்கவில்லை.

எல்லாம் மூடியைச் சாத்திக்கொண்டன. மறுநாள் நாற்றம். எட்டில் ஆறு போய்விட்டது.

பேரன் வந்து, நான் சொம்பில் பிடித்து வைத்திருந்த பைத்தண்ணீரை அளந்தான். அடர்த்தி 1.023. தொட்டியில் 1.029. நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அப்படியே நின்றுவிடுகிறது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டியதை நான் ஊற்றவில்லை. மீனாவது உடம்பின் உப்பை ஓரளவு தானே சரிக்கட்டும். கடல் நத்தைக்கு அது முடியாது. வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவு. வெளி உப்பு சட்டென்று ஏறினால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே ஓடிவிடும்.

இதற்குப் பெயர் சவ்வூடு பரவல். உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பிய பிறகு உப்புக் கரைசலில் போட்டுச் சுருங்க வைத்து, உங்களுக்கு எத்தனை வருஷம் காட்டியிருப்பேன்! (திராட்சையைத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும்.) முப்பத்து நான்கு வருஷம் நடத்திய பாடம் என் வீட்டுத் தொட்டிக்கு முன்னால் எனக்கு வரவில்லை. பேரன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த முறை ஐந்து வந்தன. அவன் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பையை இருபது நிமிடம் மிதக்க விட்டேன், சூடு சமமாக. பிறகு நத்தைகளைப் பைத்தண்ணீரோடு பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினேன். செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், நமக்கு நல்லதென்று சொல்லும் செம்பு இவற்றுக்கு விஷம். தொட்டியிலிருந்து மெல்லிய ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் இறங்குவதைப் போல நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டு. தண்ணீர் இரண்டு மடங்கானதும் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் சொட்டு. இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். லண்டனில் ஜன்னலோரம் நின்ற அந்தப் பெண்ணை அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியில் நத்தைகளை மட்டும் எடுத்து, கால் பக்கம் பாறையில் படும்படி வைத்தேன். கவிழ்ந்து கிடந்தால் சிலவற்றால் தானாகத் திரும்ப முடியாது. பைத்தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன்.

ஐந்தும் பிழைத்தன. பழைய இரண்டோடு இப்போது ஏழு. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். எவை அந்த இரண்டு என்று எனக்கு அடையாளம் தெரியும். காலையில் காபி டம்ளரோடு போய் முதலில் அவற்றைத்தான் தேடுகிறேன்.