அறைக்குள் ஒரு வெயில்

உலகின் மிகப் பெரிய பல்லி, உடும்பு இனத்தைச் சேர்ந்த கொமோடோ டிராகன். 1927-ல் இரண்டு கொமோடோக்கள் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்தன. அவற்றைக் கவனித்தவர் ஜோன் பிராக்டர். சிறுவயதிலிருந்தே வீட்டில் பல்லிகள் வளர்த்தவர்.

அதே ஆண்டு திறக்கப்பட்ட ஊர்வன இல்லத்தை வடிவமைத்தவரும் அவரே. மின்சாரத்தால் சூடு கொடுத்தார். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். எனவே அதை உள்ளே விடும் தனிக் கண்ணாடியைப் பொருத்தினார். அந்தக் கதிர் கிடைக்காவிட்டால் பல்லியின் உடலில் வைட்டமின் டி3 குறையும், கால்சியம் சேராது, எலும்பு வளையும்.

சும்பாவா என்ற கொமோடோ அவர் கையாலேயே முட்டை தின்றது. அவருடன் நடந்து போனது. தீராத நோயோடு உழைத்த பிராக்டர் 1931-ல், 34 வயதில் இறந்தார். இன்று வீட்டில் இகுவானா வளர்ப்பவர்கள் மாட்டும் புற ஊதா விளக்கு, அவருடைய கண்ணாடி செய்த வேலையைத்தான் செய்கிறது.