மேரி நிரல்மொழி: முன்னுரிமை இல்லாத இலக்கணம்

மேரி, நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரிலுள்ள ரூனிட் கணினி மையத்தில் 1970-களில் உருவான நிரல்மொழி. ஆல்கால் 68 மொழியிலிருந்து நிறையக் கடன்கொண்டாலும், கணினிப் பொறியை நெருங்கி நின்று எழுதும் நிரல்களுக்காகவே இது வடிவமைக்கப்பட்டது. ரெய்டார் கொன்ராடியும் பெர் ஹோலகெரும் எழுதிய பாடநூல் 1974-இல் வெளிவந்தது.

நிரலர் தம் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ளக்கூடிய மொழிகள்மீது அப்போது பெரும் ஆர்வம் இருந்தது. 1969-இல் பாஸ்டனிலும் 1971-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரிலும் அதற்கெனவே கருத்தரங்குகள் நடந்தன. ஆல்கால் 68-இல் நிரலர் புதிய செயற்குறியைப் படைத்து, அதன் முன்னுரிமையையும் 1 முதல் 9 வரை ஓர் எண்ணால் அறிவிக்கலாம்; பெரிய எண் கொண்டது முதலில் கணக்கிடப்படும். கூட்டலின் முன்னுரிமை 6. இரண்டு எண்களில் பெரியதைத் தரும் ‘பெரிது’ என்றொரு செயற்குறியைப் படைத்து அதற்கு 5 என்று குறித்தால், ‘2 + 3 பெரிது 4’ என்பதன் விடை 5. அதையே 7 என்று மாற்றினால் விடை 6.

முன்னுரிமையைத் தவறாகக் குறித்தாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. இரண்டு வாசிப்பிலும் எண்கள்தாம் கிடைக்கின்றன. வகைச் சோதனைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்பு ஓரிடத்தில், தவறான விடை வேறெங்கோ. இத்தகைய பிழையைத் தேட, சந்தேகப்படும் கோவைக்கு முழுவதும் அடைப்புக்குறி இட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. இட்டதும் விடை மாறினால் காரணம் முன்னுரிமைதான்.

மேரி அந்த முன்னுரிமையையே நீக்கியது. எல்லாச் செயற்குறிகளும் சமம். அடைப்புக்குறி இல்லாதவரை கணக்கு இடமிருந்து வலமாகவே நடக்கும். மதிப்பை மாறியில் வைப்பதும் இன்னொரு செயற்குறிதான், மாறி வலப்பக்கம் நிற்கும். எத்தனை செயற்குறிகளைப் புதிதாகச் சேர்த்தாலும் பழைய கோவையின் அமைப்பு குலையாது. விரிவடையும் மொழிக்கு இதைவிடத் துணிச்சலான முடிவு அரிது. ஆனால் ‘2 + 3 * 4’ இங்கே 20. பள்ளிக் கணக்கில் பழகிய கண்ணுக்கு அது இடறும்.

எல்லாத் தொல்லையும் ஒழிந்துவிடவில்லை. ஒரே செயற்குறிக்குப் பல வரையறைகள் இருக்கலாம் என்பதால், எது பொருந்தியது என்று வகைகளை வைத்துத்தான் கண்டறிய வேண்டும். மேரியின் மேக்ரோக்கள் நிரலின் உரையையே மாற்றி அமைப்பவை, தம்மைத் தாமே மீண்டும் அழைக்கவும் வல்லவை. அங்கே நிரலர் எழுதியதும் இலக்கணப் பகுப்பி பார்ப்பதும் ஒன்றல்ல; விரித்த உரையைப் படித்தால்தான் பிழை பிடிபடும்.

மேரியின் முதல் தொகுப்பி யூனிவாக் 1100 கணினிகளில் இயங்கியது. அது ஆல்கால் வழி மொழியொன்றில் எழுதப்பட்டது. அந்தத் தொகுப்பியைக் கொண்டு நோர்ஸ்க் டேட்டா நிறுவனத்தின் கணினிகளுக்குத் தொகுப்பி ஆக்கினார்கள். பின்னர் தொகுப்பியே மேரியில் எழுதப்பட்டது. இத்தகைய தொகுப்பியில் விதி மாற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு: புதிய விதியைச் சேர்க்கும் நிரலைப் பழைய விதிப்படியே எழுதித் தொகுத்த பிறகுதான், தொகுப்பியின் மூலநிரலில் அவ்விதியைப் பயன்படுத்தலாம். முந்திக்கொண்டால் கையிலிருக்கும் தொகுப்பியால் அதைப் படிக்க முடியாது.

தொலைபேசி இணைப்பகங்களுக்கான ‘சில்’ மொழியின் தொகுப்பி ஒன்றையும் ரூனிட் மேரியில்தான் எழுதியது. வாக்ஸ், இன்டெல் 386, ஸ்பார்க் கணினிகள் வரை மேரி சென்றது; இப்போது அதைப் பராமரிப்பவர் இல்லை.