அம்பாசிடரும் மாப்பிள்ளையின் புது வண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பெல் அடித்த பிறகும் பாடத்தை விடாதவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை மஹிந்திரா எக்ஸ்யூவி 700 வாங்கியிருக்கிறார். எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் சவாரி குலதெய்வம் கோயிலுக்கு. 88 வயது அம்மாவுக்கு ஏற முடியவில்லை. வீட்டிலிருந்து ஸ்டூல் வந்தது. "அம்பாசிடர்ல இந்தக் கஷ்டமே இல்லடா" என்றாள்.

சொன்னது சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கௌலியில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ்தான், 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆனது. கிட்டத்தட்ட 1.6 மீட்டர் உயரம். இன்றைய செடான்கள் பல ஒன்றரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். புடவை தடுக்காமல் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். முன்னாலும் பெஞ்சு சீட்டு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில். ஆகவே ஐந்து பேர் வண்டியில் ஒன்பது பேர் போனோம். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது.

எக்ஸ்யூவியின் பூர்வீகம் வேறு. மஹிந்திரா 1945-ல் இரும்பு வியாபாரமாகத் தொடங்கி, பிறகு அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்த கம்பெனி. ஜீப் என்றால் நமக்கு யார்? தாசில்தார், போலீஸ், தேர்தல் பிரசாரம். குடும்பத்தோடு போகிற வண்டியா அது? அந்த ஜீப்பின் வம்சம் இன்று ஏழு சீட்டும் ஏ.சி.யுமாக வீட்டு வாசலில் நிற்கிறது. அதை வடிவமைத்ததில் நம் செங்கல்பட்டு பக்கத்திலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு. உயரம் 1.75 மீட்டர், அதனால்தான் ஸ்டூல்.

இது வரைக்கும் அம்மா கட்சிதான் நான். அதற்குள் அவள், "பேரனை என் மடியில் குடு, முன்னால உக்காத்திக்கிறேன்" என்றாள்.

சொந்தங்களுக்குத் தெரிந்த கதைதான். 1972-ல் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனோம். என்ன கார் என்பது இங்கே முக்கியமில்லை. முன் சீட்டில் அப்பா மடியில் தம்பி, மூன்று வயது. வண்டி புளியமரத்தில் மோதியது. பம்பரில் ஒரு சொட்டைதான். "இரும்புடா, என்னமா நின்னுச்சு பாரு" என்று ஊரே பாராட்டியது. தம்பியின் இடது கண் அன்று போனதுதான்.

வண்டி நசுங்கவில்லை என்றால் மோதிய வேகம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் போகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இப்போதைய வண்டிகளின் மூக்கு நசுங்குவதற்கென்றே செய்யப்படுகிறது. பெல்ட்டும் காற்றுப்பையும் ஆளைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போதைய நம் கார்களில் பெல்ட்டே கிடையாது. 2021-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி 700 பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது, குழந்தைகளுக்கு 4. அந்த 4-ம் குழந்தை தனக்கான சீட்டில் கட்டப்பட்டிருந்தால்தான், மடியில் இருந்தால் இல்லை.

"வேண்டாம்மா, தம்பியை நினைச்சுக்கோ" என்றேன். மாப்பிள்ளை பேரனைப் பின்னால் குழந்தை சீட்டில் வைத்து வார் மாட்டினார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பெல்ட்டையும் போட்டுவிடச் சொன்னாள். ஸ்டூல் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும் என்றாள்.