சைவம்: சமயத்தின் பெயர் சாப்பாட்டின் பெயரான கதை

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில். சின்மயா மிஷன் கட்டிய இக்கோயிலுக்கு 2001இல் கும்பாபிஷேகம் நடந்தது. கும்பிட்டு வருகிறவர்கள் பசியாற வளாகத்திலேயே ஒரு கன்டீன் உண்டு. தோசை, வடை, தேத்தண்ணி கிடைக்கும்; மீனும் இறைச்சியும் கிடையாது. தோட்டத்து மக்கள், கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், இராமாயணத் தலங்களைப் பார்க்க வந்த இந்தியர்கள், வழியில் இறங்கிய சிங்களக் குடும்பங்கள் என எல்லாரும் அங்கே உண்கிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சைவம்’. இராமனின் தூதன் சந்நிதியிலும் சோற்றுக்குச் சிவன் பெயர்தான். இந்தப் பெயர் சோற்றுக்கு எப்படி வந்தது?

சைவம் என்றால் சிவனைச் சார்ந்தது. ‘சிவ’ என்பதிலிருந்து வடமொழி முறையில் பிறந்த சொல். மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் சைவவாதியும் வருகிறான். அங்கே அது ஒரு கொள்கையின் பெயர். உணவோடு அதற்குத் தொடர்பில்லை. ஊன் உண்ணாமையைப் பேசிய வள்ளுவர் 26ஆம் அதிகாரத்தில் ‘புலால் மறுத்தல்’ என்றே சொன்னார். பெரியபுராணத்துக் கண்ணப்பரோ சிவனுக்கே இறைச்சி படைத்தவர். படைத்ததனால் அவருடைய அன்பு குறைந்துவிடவில்லை. சிவனைத் தொழுவதும் ஊனை விலக்குவதும் தொடக்கத்தில் ஒன்றாகக் கருதப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஊனில்லாத உணவுக்கு வேறொரு சமயத்தின் பெயரும் இருந்திருக்கிறது. பழைய யாழ்ப்பாண வழக்கில் மரக்கறி உணவை ‘ஆரதக்கறி’ என்பார்கள். அருகனை வழிபட்ட ஆருகதரின், அதாவது சமணரின், பெயரோடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். சமணம் மங்கியபின் அந்த உணவொழுக்கம் சைவ மடங்களிலும் சைவ வேளாளர் வீடுகளிலும் ஊன்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பாடப் புத்தகங்களிலும் வினாவிடைகளிலும் சைவ ஆசாரத்தை வகுத்து எழுதியபோது, புலால் விலக்குவது சைவருக்குரிய கடமையாகப் பள்ளிப் பிள்ளைகள் மனத்தில் பதிந்தது. சமயத்தின் பெயர் இப்படித்தான் இலையில் வந்து அமர்ந்தது.

ஒரு சொல்லின் உருவம் அதன் எதிர்ச்சொல்லில் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் சைவத்துக்கு எதிர் அசைவம். யாழ்ப்பாணத்தில் மச்சம், மீனைக் குறிக்கும் வடசொல் அங்கே இறைச்சியையும் சேர்த்துக் குறிக்கிறது. கடல் சூழ்ந்த ஊருக்கு அது பொருத்தம். மலையகத் தோட்டங்களில் கேட்பது கவுச்சி. பச்சை இறைச்சியின், மீனின் வாடையைச் சொல்லும் இந்தச் சொல், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிவரப்பட்ட மக்களோடு மலையேறியது.

தோட்டத்தில் சைவம் என்ற சொல் இன்னொரு திருப்பமும் பெற்றது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயத்தில் கவுச்சி சமைக்க மாட்டார்கள். “இன்னைக்கி நாங்க சைவம்” என்பார்கள். வெள்ளிக்கிழமை சைவம், விரத நாள் சைவம். அதே மக்கள் முனியாண்டிக்குக் கிடா வெட்டும் நாளில் கறிச்சோறு உண்பார்கள். ‘அவர்கள் சைவம்’ என்று சொன்னால் அது ஆளையும் குலத்தையும் குறிக்கும். ‘இன்னைக்கி சைவம்’ என்றால் அது நாளைக் குறிக்கும். நாளுக்குரிய சைவத்தை யாரும் கைக்கொள்ளலாம். பிறப்பு கேட்க வேண்டியதில்லை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறுகிற சிங்களப் பௌத்தர்களிலும் யாத்திரை நாளில் மச்சம் தொடாதவர்கள் பலர். போயா நாளில் இறைச்சிக் கடைகளை மூட அரசே சொல்கிறது. தோட்டத்து வழக்கும் பௌத்த வழக்கும் இந்த இடத்தில் கைகோக்கின்றன.

சைவச் சாப்பாட்டுத் தட்டும் கலப்புதான். நுவரெலியாவின் குளிரில் ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட 1848 அளவில் முனைந்தவர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். இன்று சோற்றோடு வரும் கோவாச் சுண்டலில் உள்ள ‘கோவா’ போர்த்துக்கேயர் தந்த சொல். போஞ்சிக் கறியின் ‘போஞ்சி’ ஒல்லாந்தர் தந்தது. கன்டீன் என்ற சொல்லும் இத்தாலியில் மது வைக்கும் நிலவறையைக் குறித்துப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான். பெயரில் தூய்மை தேடுகிறவர் இந்தத் தட்டில் ஒரு கறியைக்கூடத் தொட முடியாது.

தூய்மை தேடியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடக்கில் சாப்பாட்டுக் கடைகளும் தேநீர்க் கடைகளும் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாமல் நிறுத்திய காலம் உண்டு. சாதியின் பேரால் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கியது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். சட்டம் வந்தபின்னும் கடை வாசலில் மக்கள் போராடித்தான் உட்கார இடம் பெற்றார்கள். சென்னையில் இன்றும் ‘வாடகைக்கு வீடு, சைவம் மட்டும்’ என்று பலகை தொங்குகிறது. அங்கே கேட்கப்படுவது சமையலைப் பற்றிய கேள்வியே அல்ல. இன்னாரை உள்ளே விடலாமா என்ற கேள்வி.

ஒரே சொல் சென்னையில் ஆளை வெளியே நிறுத்துகிறது, இறம்பொடையில் எல்லாரையும் ஒரே இடத்தில் உண்ண வைக்கிறது. மச்சம் உண்பவரும் உண்ணாதவரும், சிவனடியாரும் பௌத்தரும் தயக்கமில்லாமல் சேர்ந்து உண்ணக்கூடிய உணவு எதுவோ அதுதான் சைவம் என்று தோட்டத்து மக்களின் பேச்சு நமக்குப் பொருள் சொல்லித் தருகிறது. அகராதி எழுதுகிறவர்கள் இந்தப் பொருளையும் பதிய வேண்டும். கோயில் நடத்துகிறவர்கள் வாசலில் ‘சைவ உணவு’ என்று பலகை எழுதும்போது இந்தப் பொருளில்தான் எழுத வேண்டும்.