மண்ணீரல் சீழ்க்கட்டி: உறுப்பை அகற்றாத சிகிச்சை

மண்ணீரல் சீழ்க்கட்டி என்பது கிருமித்தொற்றால் மண்ணீரலுக்குள் சீழ் கோத்துக்கொள்ளும் அரிய நோய். பிணக்கூறாய்வுகளில் நூற்றுக்கு ஒருவரிடம்கூட இது தென்படுவதில்லை. இடது விலாவுக்கடியில் வலி, குளிர்காய்ச்சல், சிலருக்கு இடது தோள்பட்டையிலும் வலி ஆகியவை இதன் அறிகுறிகள். மலேரியா, டைஃபாய்டு, நிமோனியா என்று எதையும் நினைக்கவைக்கும் அறிகுறிகள் இவை. அதனால் அல்ட்ராசவுண்டோ சி.டி. ஸ்கேனோ எடுக்கும்வரை நோய் பெரும்பாலும் பிடிபடாது.

கிருமி பொதுவாக இரத்தத்தின் வழியே வருகிறது. இதய வால்வுத் தொற்று, டைஃபாய்டு, காசநோய், அடிபட்டு உறைந்த இரத்தம் ஆகியவை வழக்கமான காரணங்கள். நெல் விளையும் ஈரநிலங்களில் இவற்றோடு மெலியாய்டோசிஸையும் சேர்க்க வேண்டும். இதை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. ரங்கூனில் 1911இல் இந்நோயை இனங்கண்டவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உட்படத் தமிழக மருத்துவமனைகளில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. மழைக்காலத்தில் வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கே ஆபத்து அதிகம். ஆய்வகத்தில் இக்கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவதுண்டு. அந்த ஒரு சொல்லில் சிகிச்சையே திசைமாறிவிடும்.

வீராணம் ஏரிப் பாசனத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2021இல் அது தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு மாறியது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்து உழவர்களுக்கு அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனை இதுதான்.

முன்பு இக்கட்டிக்கு ஒரே தீர்வு மண்ணீரலை எடுத்துவிடுவது என்று கருதப்பட்டது. மண்ணீரல் இல்லாவிட்டாலும் உயிர்வாழலாம் என்பதால் அதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. மண்ணீரல் நீக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடும் தொற்றுகள் வந்ததை 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய பிறகே அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியாக்களை இரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்குண்டு. அது போனபின் வரும் இரத்தத் தொற்று சில மணி நேரத்திலேயே ஆளைக் கொல்லக்கூடும்.

உறுப்பைக் காக்கும் சிகிச்சையில் ஸ்கேனைப் பார்த்தபடி தோல்வழியே ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சுகிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் நுனி சுருண்ட மெல்லிய குழாயைச் சில நாள் உள்ளேயே விட்டுவைப்பார்கள். சீழ் நீர்த்து ஒரே அறையாக இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். பல அறைகளாகப் பிரிந்திருந்தாலோ, சீழ் கெட்டியாக இருந்தாலோ, இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ இம்முறை ஒத்துவராது. இரத்தக்கசிவு, நுரையீரல் உறையில் காற்றுப் புகுதல், பெருங்குடலில் ஊசி படுதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. சிறுசிறு கட்டிகள் பல இருந்தால், குறிப்பாகக் காசநோயிலும் மெலியாய்டோசிஸிலும், ஊசியே போடாமல் மருந்தால் மட்டும் குணமாக்குவதுண்டு.

எடுத்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவது சீழ் எடுப்பதற்குச் சற்றும் குறையாத வேலை. மெலியாய்டோசிஸ் என்று உறுதியானால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரண்டு வாரம் நரம்பில் ஏற்றப்படும். ஆழமான கட்டிகளுக்கு இன்னும் நீளும். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பக்கூடும்.

வடித்தும் காய்ச்சல் தணியாவிட்டாலோ கட்டி வயிற்றுக்குள் உடைந்துவிட்டாலோ மண்ணீரலை அகற்றத்தான் வேண்டும். அப்படி அகற்றப்பட்டவர்கள் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்கிறார்கள்.