கழற்ற முடிகிற மெஷின்

கோயம்புத்தூரில் ஆரம்பத்தில் வாஷிங்மெஷின் மெக்கானிக் என்று தனியாக யாரும் இருந்ததில்லை. கிரைண்டர் கடைக்காரர்களும் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவர்களும்தான் அந்த வேலையை எடுத்துச் செய்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். 90-களின் தொடக்கத்தில் காட்டூரில் ஒரு வைண்டிங் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒருவர் தன் வீட்டு மெஷினின் ஸ்பின் மோட்டாரை மட்டும் கழற்றி, மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதக் கட்டித் தர முடியுங்களா?" என்றார். எங்கள் முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் மோட்டாருக்குத் தம்பிதானுங்க இது, வெச்சுட்டுப் போங்க" என்றார்.

அந்தத் தைரியம் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல, ஊருக்கே உண்டு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இந்த ஊரிலேயே செய்து காட்டினார்கள். 1955-ல் சபாபதி மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். மில், பம்ப்செட், கிரைண்டர் என்று எதை எடுத்தாலும் உள்ளே ஒரு மோட்டார் இருக்கும். அது கருகினால் கட்டித் தருவதற்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையும் இருக்கும். அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய கிரைண்டரில் மகள் கல்யாணத்துக்கு மாவு ஆட்டிய வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீடுகளுக்குள்தான் வாஷிங்மெஷின் நுழைந்தது. அதுவும் அப்படியே உழைக்கும் என்றுதான் எல்லோரும் நம்பி வாங்கினார்கள்.

நம் வீடுகளுக்கு முதலில் வந்த மெஷினின் பூர்வீகம் ஜப்பான். அமெரிக்க மெஷினில் தொட்டியின் நடுவே கம்பம் போல ஒரு அஜிடேட்டர் நிற்கும். உருவமும் பெரிது, விலையும் பெரிது. 1948-ல் ஹூவர் கம்பெனி வேல்ஸ் நாட்டில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் செய்த சின்ன மெஷினில் கம்பம் கிடையாது. தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு வட்டத் தட்டு சுழன்று தண்ணீரைக் கலக்கும். அதே வழியில் 1953-ல் சான்யோ தன் மெஷினை 28,500 யென்னுக்குக் கடைக்குக் கொண்டுவந்தது. 1960-ல் துவைக்கிற தொட்டியையும் பிழிகிற தொட்டியையும் அருகருகே வைத்து ஒரே பெட்டியாக்கியது. நாம் 'செமி' என்று சொல்கிற மெஷின் அந்த வழியில் வந்ததுதான். 80-களின் கடைசியில் வீடியோகான் தொலைக்காட்சி விளம்பரத்தோடு அதை இந்தியா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செமியைப் பற்றி இன்றைக்கும் எனக்கு மரியாதை குறையவில்லை. இரண்டு மோட்டார், சாவி கொடுத்த கடிகாரம்போல் ஓடுகிற இரண்டு டைமர், ஒரு பெல்ட், ஒரு பிரேக் ஒயர், அவ்வளவுதான் சரக்கு. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தில் ஊற்றலாம். முதல் துவையலின் சோப்புத் தண்ணீரிலேயே கால்மிதி, பள்ளிக்கூடப் பையெல்லாம் போட்டு எடுக்கலாம். அதற்கு வருகிற முக்கியமான நோய் ஒன்றுதான். பிழிகிற பக்கத்தில் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது கிழிந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே கீழே உள்ள மோட்டாரின் தலையில் இறங்கும். அன்று அந்த மஞ்சள் பையில் வந்த மோட்டார் செத்ததும் அப்படித்தான். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் கட்டிக் கொடுத்தால் சீக்கிரமே அதே மோட்டார் திரும்பி வரும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் முதலில் படித்த பாடம்.

டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து வேர்ல்பூல் 80-களின் பின்பகுதியில் புதுச்சேரியில் மெஷின் தொழிற்சாலை வைத்தது. தாராளமயத்துக்குப் பிறகு 1995-ல் சாம்சங், 1997-ல் எல்.ஜி. என்று கொரியாக்காரர்களும் வந்தார்கள். மேலே மூடி திறக்கிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் நடுத்தர வீட்டுக்கு எட்டும் பொருளானது அதற்கப்புறம்தான். எங்களில் பலருக்கு அதைப் பார்த்ததும் பயம். ஒரே தொட்டி, ஒரே மோட்டார். ஆனால் துவைக்கவும் செய்கிறது, பிழியவும் செய்கிறது. எப்படி?

மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஓரத்தில் மோட்டார், நடுவில் கிளட்ச், இரண்டையும் சேர்க்கிற பெல்ட். துவைக்கும்போது பட்டை போன்ற ஒரு பிரேக், துணி கிடக்கிற டப்பை இறுக்கிப் பிடித்திருக்கும். டப்பின் அடித்தட்டான பல்சேட்டர் மட்டும் இடமும் வலமுமாகத் திரும்பும். தண்ணீரை விடும் நேரம் வந்ததும் டிரெயின் மோட்டார் என்கிற கையளவுப் பொருள் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் வடிகால் வால்வு திறக்கும், பிரேக் விடும், கிளட்சுக்குள் இருக்கிற ஸ்பிரிங் டப்பையும் பல்சேட்டரையும் ஒன்றாகக் கட்டிவிடும். பிறகு மோட்டார் ஒரே பக்கமாக ஓட, டப் முழுசாகச் சுழன்று துணியைப் பிழியும். இதை வடிவமைத்தவர்களை நான் மனசாரக் கும்பிடுகிறேன். அந்த இழுப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் பிழியாது. மோட்டார் போய்விட்டது என்று சொல்லி வேறு யாரோ மோட்டாரையே மாற்றிவிட்டுப் போன வீடுகளில், இந்தக் கம்பியைச் சரிசெய்து மட்டும் மெஷினை ஓட வைத்திருக்கிறேன்.

மெஷினை அடியிலிருந்து கழற்ற முடிந்ததால்தான் எங்கள் தொழில் வளர்ந்தது. கிளட்ச் போனால் போல்ட்டுகளைக் கழற்றிப் புதுசு மாட்டலாம். நாலு மூலையிலும் டப்பைத் தொங்கவிட்டிருக்கிற சஸ்பென்ஷன் ராடு தளர்ந்து, பிழியும்போது டப் பாடியில் மடார் மடாரென்று அடித்தால், நாலையும் சேர்த்து மாற்றலாம். முன்பக்கம் கதவு வைத்த மெஷின்கள் பலவற்றிலோ டப்பைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே அனுப்புகிறார்கள். உள்ளே ஒரு பேரிங் தேய்ந்தால் டப்பையே மாற்றச் சொல்வார்கள். துணி அதில் நன்றாக வெளுக்கும், தண்ணீரும் குறைவாகச் செலவாகும், மறுக்கவில்லை. ஆனாலும் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் மேல்மூடியைத்தான் சொல்வேன்.

ஆனால் மெஷினைத் தின்றது தண்ணீர். கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். அதை உப்புத் தண்ணீர் என்றே சொல்லிவிடுவோம். நல்ல தண்ணீர் குடிக்க, உப்புத் தண்ணீர் துவைக்க என்பது பழைய வழக்கம். துவைக்கிற கல்லுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. மெஷினுக்குச் செய்யும். உப்புத் தண்ணீரில் நுரை வராது. நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போடுவார்கள். கரையாத பவுடரும் உப்பும் துணிப் பிசிறும் சேர்ந்து பல்சேட்டருக்கு அடியிலும் டப்பின் வெளிப்பக்கத்திலும் கெட்டியாகப் படியும்.

கணபதிப் பகுதியில் ஒரு பாட்டி வீட்டு மெஷின் நினைவுக்கு வருகிறது. 90-களின் கடைசியில் வாங்கியது. பல்சேட்டரின் நடு ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைத் தூக்கினேன். அதே தெருவில் மற்ற வீடுகளில் அந்த இடத்தில் சாம்பல் நிறக் களிமண் மாதிரி விரற்கடைக் கனத்துக்கு ஒட்டியிருக்கும். சுரண்டினால் புடவையில் குத்துகிற ஊக்கு, சட்டைப் பொத்தான், பழைய நாலணா எல்லாம் வரும். பாட்டி மெஷினில் அடித்தட்டு பளபளவென்று தெரிந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிறுவாணி வருகிற அன்றைக்கு மட்டும்தான் மெஷின் போடுவாராம். பவுடர் ஒரு கரண்டி, அதற்குமேல் யார் சொன்னாலும் போடமாட்டார். துவைத்து முடித்தால் சாயங்காலம் வரை மூடி திறந்தே கிடக்கும். "ஏனுங் தம்பி, ஈரத்தோட மூடுனா அது புழுங்கிப் போயிருமல்லங்க" என்றார். கம்பெனி கொடுத்த புத்தகத்தை அவர் படித்ததே இல்லை.

போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லாத வீடுகளுக்கு நான் சொல்வது: மாதம் ஒருமுறை துணி போடாமல் டப் நிறையத் தண்ணீர் விட்டு, உப்பு நீக்குகிற பவுடரையோ சிட்ரிக் ஆசிட் தூளையோ கரைத்து, சற்று ஓடவிட்டு ஊறவைத்துப் பிறகு அலசுங்கள். அதோடு ப்ளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புகிற புகை நெஞ்சைப் பிடிக்கும். தண்ணீர்க் குழாய் மெஷினில் சேர்கிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கிறது. அதில் மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நூலாக வரும். ஊசியால் வலையை எடுத்துக் கழுவினால் தீர்ந்தது. இதற்காக வால்வையே மாற்றிப் பணம் கொடுத்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

2012-ல் மின்வெட்டு வந்தபோது வேறொரு பாடம். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள். டைமர் வைத்த செமி, கரண்ட் வந்ததும் டைமரை மறுபடி திருகினால் ஓடியது. எலக்ட்ரானிக் போர்டு வைத்த மெஷின்களோ, கரண்ட் போய்த் திரும்பும் அந்த அடியில் ஒவ்வொன்றாக விழுந்தன. எலியும் தன் பங்குக்கு அடிப்பக்கம் வழியாக ஏறி ஒயரைக் கடித்தது. பிரஷர் டியூபில் ஒரு ஓட்டை போட்டால் போதும், தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று மெஷினுக்குத் தெரியாமல் வழிய வழிய நிரப்பும். அந்த வருஷம் எங்களில் பாதிப் பேர் சால்டரிங் பிடித்து போர்டு வேலை பழகினோம். பழகாதவர்கள் கிரைண்டருக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் கை சுத்தமான கை, அவர்கள் இந்த வேலையை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

2018-ல் வீடியோகான் திவால் வழக்குக்குப் போனது. அப்போதும் அதன் பழைய செமிகள் நிற்கவில்லை. சீல், பெல்ட், கெப்பாசிட்டர், டைமர் எல்லாம் வெளிக்கம்பெனி சரக்காகக் காட்டூரிலும் டவுன்ஹால் பக்கமும் கிடைத்துக்கொண்டே இருந்தன. கம்பெனி போன பிறகும் ஒரு மெஷினை உயிரோடு வைத்திருப்பது, வேறு மெஷினின் பாகம் அதில் பொருந்துகிற அந்தக் குணம்தான். இன்று பெல்ட் இல்லாமல் டப்பின் அடியிலேயே மோட்டாரைப் பொருத்தி வருகிற மெஷின்கள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டி என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். மோட்டாருக்கு மட்டும்தான் அது. போர்டுக்கு எத்தனை வருஷம் என்று கேளுங்கள், பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் விளக்கு எரிகிற பட்டன்களை எண்ணிக்கொண்டு நிற்கவேண்டாம். டப் ஸ்டீலா என்று பாருங்கள், மோட்டார் வைண்டிங் காப்பரா என்று கேளுங்கள். மூடியைத் திறந்து டப்பை ஓரத்தில் அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை ஆடி நிற்கவேண்டும், ஆடிக்கொண்டே இருக்கக்கூடாது. கடைப்பையனை மெஷினைச் சாய்க்கச் சொல்லி, அடியில் எலித்தகடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.